'சேது' முதல் 'சதம்' வரை: இலங்கை நாணயங்களில் தமிழ் எழுத்தின் நிலைமாற்றம்

முன்னுரை

பாரிஸ் மாநகரின் வடபால் அமைந்த லா சப்பல் கடைத்தெருவிலும், வடகிழக்குப் புறநகராகிய பொண்டியிலும் வாழும் ஈழத்தமிழர் யூரோவின் நூறில் ஒரு பங்கைச் 'சதம்' என்றே வழங்குகின்றனர். பிரெஞ்சு மக்கள் அதனைச் 'சாந்தீம்' என்பர். நாணயத்தின் முகத்தில் 'சென்ட்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. 'சதம்' என்னும் வழக்குக்குப் பிரான்சில் வேர் இல்லை. 1872இல் இலங்கையில் பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்தபோது ரூபாயின் நூறில் ஒரு பங்குக்கு வழங்கிய பெயர் அது. பணவீக்கத்தால் இலங்கையின் சதக்காசு அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதன் பெயரோ கடல் கடந்து வேறொரு நாட்டின் காசுக்குப் பெயராகி நிற்கின்றது.

நாணயம் விலைமதிப்பின் அளவுகோல் மட்டுமன்று. அதனை வெளியிடும் அரசின் பொது ஆவணமும் ஆகும். கல்வெட்டைக் காணக் கல் நின்ற இடத்துக்குச் செல்ல வேண்டும். செப்பேடு ஒருவர் பேழைக்குள் அடங்கிக் கிடக்கும். காசோ உழவர், வணிகர், மீனவர், அடிமை என எல்லார் கையிலும் தவழ்வது. ஆதலின் எந்த மொழி, எந்த எழுத்து, எந்த இடத்தில், எதைச் சொல்வதற்காகக் காசில் இடம்பெறுகிறது என்பது அவ்வரசு தன் குடிகளை எவ்வாறு கண்டது என்பதற்குச் சான்றாகும். இலங்கைத் தீவின் நாணயங்களில் தமிழ் எழுத்து இடம்பெற்ற வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் எழுத்து அந்நாணயங்களில் இருந்ததா, இல்லையா என்பது ஒரு வினா. இருந்தபோது அது யாருடைய குரலாக இருந்தது என்பது அதனினும் ஆழமான வினா. இவ்விரண்டாம் வினாவே இங்கு முதன்மை பெறுகின்றது.

தொடக்கச் சான்றுகள்

இலங்கையின் தென்கோடியில், பண்டைய உரோகண நாட்டுப் பகுதியாகிய திஸ்ஸமகாராமையைச் சார்ந்த அக்குறுகொடை என்னுமிடத்திலிருந்து எழுத்துப் பொறித்த சிறு ஈயக்காசுகள் பல கிடைத்துள்ளன. பாரிசிலுள்ள பிரெஞ்சுத் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தில் நீண்டகாலம் பணியாற்றிய நாணயவியல் அறிஞர் ஒஸ்மன்ட் போபேஆரச்சி, ராஜா விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1999இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இக்காசுகள் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றை ஐராவதம் மகாதேவன் தமிழ்ப் பிராமி எழுத்தாகக் கொண்டு படித்தார். 'அன்' என்னும் ஆண்பால் ஈறு பெற்ற பெயர்கள் அவற்றில் உள்ளமை அவர் வாசிப்புக்கு அடிப்படையாயிற்று.

இவ்வாசிப்பின்படி இக்காசுகள் தமிழ் எழுத்துடைய தொன்மையான இலங்கைச் சான்றுகளுள் அடங்கும். எனினும் அவற்றில் காணப்படுவன பேரரசர் பெயர்களாகத் தோன்றவில்லை. தனிமனிதர் பெயர்களாகவே உள்ளன. வணிகராகவோ ஊர்ப் பெருமக்களாகவோ வாழ்ந்தோர் தம் பெயர் பொறித்து வெளியிட்டவை இவை எனக் கொள்வது பொருந்தும். தமிழ் இங்கே கடைத்தெருவின் மொழியாகக் காசில் நுழைகின்றது. ஆட்சியின் மொழியாக அன்று.

இடைக்காலத்தில் நிலை வேறாயிற்று. முதலாம் இராசராசன் காலம் தொட்டுச் சோழர் ஆட்சி தீவின் வடபகுதியில் வேரூன்றியபோது, அவன் பெயர் தாங்கிய காசுகள் இங்கும் பெருவழக்காயின. நிற்கும் உருவம் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமுமாக அமைந்த அக்காசுகளில் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் பெயர் நாகரி எழுத்திலேயே பொறிக்கப்பட்டது. கோயிற் சுவர்களில் பல்லாயிரம் வரிகளைத் தமிழில் வெட்டுவித்த பேரரசு, இக்காசில் நாகரியைத் தேர்ந்தமை கருதத்தக்கது. பின்வந்த பொலன்னறுவை, தம்பதெனிய அரசர்களும் இதே அமைப்பைப் பின்பற்றித் தம் பெயர்களை நாகரியிலேயே பொறித்தனர். சிங்கள எழுத்தும் அக்காசுகளில் இடம்பெறவில்லை. பல நாட்டு வணிகர் கூடும் இந்தியப் பெருங்கடல் சந்தையில், வட்டார எழுத்தைவிட நாகரியே அரச மதிப்புக்குரிய பொது எழுத்தாகக் கருதப்பட்டது போலும்.

'சேது' என்னும் சொல்

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் யாழ்ப்பாண அரசின் சேது நாணயங்களது தனித்தன்மை புலனாகும். 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசுகள் இவை. இவற்றின் ஒரு வகையில் முன்புறம் நிற்கும் அரசுருவமும், பின்புறம் படுத்திருக்கும் காளையும், அதன் மேல் பிறையும், கீழே தமிழ் எழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் காணப்படுகின்றன. எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் குறி அக்கால எழுத்தில் இன்மையால் பொறிப்பில் அது 'செது' என்றே தோன்றும்.

இச்சொல் இராமேசுவரத்துச் சேதுவைக் குறிப்பது. ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேதுகாவலர்' என்னும் விருதைத் தாங்கினர்; நந்தி அவர்தம் கொடியில் விளங்கிற்று. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்னும் மங்கலச் சொல்லுடன் தொடங்குகின்றது. காசும் கல்லும் ஒரே சொல்லைத் தாங்கி நிற்பதால், அது அரசின் முத்திரைச் சொல்லாக வழங்கியமை தெளிவு.

தொடக்ககால நாணயவியலார் சிலர் இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியன எனக் கருதினர். 'சேது' என்னும் சொல் இருபாலார்க்கும் பொதுவாதலின் அம்மயக்கம் இயல்பானதே. முதலியார் செ. இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் இவை யாழ்ப்பாண அரசுக்குரியவை என வாதிட்டனர். 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலை வெளியிட்ட எச். டபிள்யூ. கொட்றிங்டனும் இம்முடிவையே ஏற்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், பூநகரி முதலிய பெருநிலப்பகுதி இடங்களிலும் கிடைத்த காசுகளை ஆராய்ந்த பரமு புஷ்பரட்ணம் போன்றோரின் பணி இம்முடிவை மேலும் உறுதிப்படுத்தியுள்ளது.

இக்காசுகளில் தனியரசர் பெயர் இல்லை. செகராசசேகரன், பரராசசேகரன் என அரியணைப் பெயர்கள் மாறி மாறி வந்தபோதும் காசு 'சேது' என்ற ஒன்றையே சொல்லிற்று. இதனால் எந்தக் காசு எந்த அரசன் காலத்தது என வரையறுப்பது இன்றும் கடினமாகவே உள்ளது. வரலாற்றாசிரியருக்கு இது இடர்ப்பாடு. கருத்தளவில் நோக்கினால் இதுவே இக்காசின் சிறப்பு. சோழர் காசும் பொலன்னறுவைக் காசும் 'நான் இன்ன அரசன்' என்றன. சேதுக்காசு 'இது இந்த அரசு' என்றது. ஆள்வோன் மாறினும் மாறாத ஒன்றின் பெயராக அச்சொல் நின்றது. அதனையும் நாகரியில் எழுதாமல், குடிகள் படிக்கும் தமிழ் எழுத்தில் எழுதியமை அக்காலத் தீவின் நாணய மரபிலிருந்து விலகிய தெளிவான தேர்வாகும். இலங்கை நாணய வரலாற்றில் தமிழ் எழுத்து ஆட்சியின் சொந்தக் குரலாக ஒலித்த காலம் இது.

ஐரோப்பியர் காலமும் எழுத்தின் மறைவும்

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். இறுதி மன்னன் சங்கிலி சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அவ்வரசோடு 'சேது' என்னும் சொல்லும் நாணயத்திலிருந்து மறைந்தது. பாரசீகக் குடா வழியாக வந்த, வளைத்த வெள்ளிக் கம்பியாலாகிய லாரின் காசும், போர்த்துக்கேயரின் தங்காக்களும் சந்தையில் வழங்கின.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை டச்சுக்காரர் வசமாயிற்று. அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவிலேயே தடித்த செப்புக்காசுகளை வார்த்து வெளியிட்டது. அவற்றில் கம்பனியின் மூவெழுத்து இலச்சினை, மதிப்பு, ஆண்டு, வெளியிட்ட நகரைக் குறிக்கும் ஓர் உரோம எழுத்து ஆகியனவே இருந்தன. தமிழ் எழுத்துக்கோ சிங்கள எழுத்துக்கோ அவற்றில் இடமில்லை.

இந்நிலையைச் சோழமண்டலக் கரையோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அதே டச்சுக் கம்பனி நாகப்பட்டினத்தில் வெளியிட்ட சிறு செப்புக்காசுகளில் ஒருபுறம் அம்மன் உருவத்தையும் மறுபுறம் தமிழில் ஊர்ப்பெயரையும் பொறித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பனி வெளியிட்ட செப்புக்காசுகளில் ஒருபுறம் பிரெஞ்சு அரச மரபின் அல்லிமலர்ச் சின்னமும், மறுபுறம் மூன்று வரிகளில் தமிழில் 'புதுச்சேரி' என்னும் பெயரும் உள்ளன. பிரான்சின் அரச மலரும் தமிழ் எழுத்தும் ஒரே செப்புத் துண்டில் இணைந்தமை, இன்று பாரிசில் வாழும் தமிழர் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஒரே கம்பனி கரைக்கு ஒரு வழக்கத்தைக் கையாண்டதன் காரணம் யாது? சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் பல அரசுகளுக்கும் பல நாணயங்களுக்கும் இடையே போட்டியிட்ட வணிகராக இருந்தனர். நெசவாளரும் தரகரும் ஏற்காத காசு அங்கே செல்லாக்காசாகும். ஆதலின் மக்கள் அறிந்த தெய்வத்தையும் எழுத்தையும் காசில் வைப்பது வணிகத் தேவையாயிற்று. இலங்கையின் கரையோரத்திலோ டச்சுக்காரர் ஆட்சியாளராகவே இருந்தனர். வரியும் ஏகபோக வணிகமும் அவர்கள் கையில் இருந்தன. குடிகளின் நம்பிக்கையை எழுத்தால் வேண்டிப் பெறும் தேவை அவர்களுக்குக் குறைவு. போட்டி இருந்த கரையில் தமிழ் எழுத்து இருந்தது. போட்டியற்ற தீவில் அது மறைந்தது.

எழுத்து மறைந்தாலும் சொற்கள் மறையவில்லை. தமிழின் 'காசு' ஐரோப்பியர் நாவில் 'கேஷ்' எனவும், 'பணம்' என்பது 'பனம்', 'பனோன்' எனவும் திரிந்து அவர்தம் கணக்கேடுகளில் ஏறின. டச்சுக்காரரின் சிறுகாசான 'டொயிட்' தமிழில் 'துட்டு' ஆயிற்று என்பர். அது கிழக்கிந்தியக் கரையில் பிரெஞ்சுக் காசுக்கும் 'தூதூ' என்னும் பெயராக வழங்கிற்று. சந்தையின் வாய்மொழி ஆட்சியின் பொறிப்பைவிட நெடுங்காலம் வாழும் என்பதற்கு இவை சான்று.

பிரித்தானியர் காலம்: மதிப்பைச் சொல்லும் தமிழ்

1796இல் தீவின் கரையோரம் பிரித்தானியர் கைக்கு மாறியது. தொடக்கத்தில் அவர்கள் டச்சு வழியில் வந்த ரிக்ஸ் டாலர் கணக்கையே தொடர்ந்தனர். ஒரு ரிக்ஸ் டாலர் 12 பணத்துக்கும் 48 ஸ்டைவருக்கும் சமம். 1801 முதல் கொழும்பில் வார்க்கப்பட்ட தடித்த செப்புக்காசுகளில் ஒருபுறம் மதிப்பும் மறுபுறம் யானையும் இடம்பெற்றன. 1815ஐ ஒட்டி வெளிவந்த சிறு வெள்ளிக் காசொன்றில் 'பணம்' என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் ஒலித்தவாறு உரோம எழுத்தில் பொறிக்கப்பட்டது. சொல் தமிழாகவும் எழுத்து அயலாகவும் அமைந்த இக்காசு அக்கால நிலையைத் துல்லியமாகக் காட்டுகின்றது.

1825இல் பிரித்தானிய ஸ்டெர்லிங் முறை அதிகார நாணயமாக்கப்பட்டது. ஒரு ரிக்ஸ் டாலர் ஒன்றரை ஷில்லிங்காக மதிப்பிடப்பட்டது. ஆயினும் தீவின் சந்தைக்கு இங்கிலாந்தின் மிகச்சிறு காசும் பெரிதாக இருந்தது. ஆகவே 1828 முதல் அரை பார்த்திங்கும், 1839 முதல் கால் பார்த்திங்கும் இலங்கைக்கெனவே அச்சிடப்பட்டன. ஏழையரின் ஒருவேளைக் காய்கறிக்குக்கூட ஏற்ற சிறுகாசு தேவைப்பட்ட வாழ்வை இச்சிறு செப்புத் துண்டுகள் காட்டுகின்றன. அவற்றிலும் எழுத்து ஆங்கிலமே.

இந்தியாவோடு வளர்ந்த வணிகமும், தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்களின் பெருக்கமும் இந்திய ரூபாயைத் தீவின் நடைமுறை நாணயமாக்கின. 1869இல் அது வரம்பற்ற சட்டச் செலாவணியாயிற்று. 1872 சனவரி 1 முதல் ரூபாய் நூறு சதமாகப் பகுக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் ரூபாய் அணாவும் பைசாவுமாகவே நீடித்தது. அங்கே பதின்ம முறை 1957இல்தான் வந்தது. சிறுதீவு இவ்வகையில் பேரரசின் பெருநிலத்தைவிட 85 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

புதிய முறைக்கெனச் செய்யப்பட்ட செப்புக்காசுகள் 1870ஆம் ஆண்டைத் தாங்கியவை. முன்புறம் விக்டோரியா அரசியின் தலை. பின்புறம் பனைக் குடும்பத்து மரமொன்று. அதனைச் சுற்றி ஆங்கிலத்தில் நாட்டின் பெயரும் மதிப்பும். மரத்தின் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு குறிக்கப்பட்டது. 1619இல் வீழ்ந்த அரசோடு மறைந்த தமிழ் எழுத்து, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் இலங்கையின் அரச நாணயத்தில் மீண்டும் இடம்பெற்றது.

இம்மீட்சி அக்காலச் சூழலில் சிறிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இந்தியா வெளியிட்ட ஓரணா நாணயத்தில் ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு ஆகிய எழுத்துகள் இருந்தன; தமிழ் இல்லை. சென்னை மாகாணத்துத் தமிழர் கையில் வழங்கிய அக்காசில் இல்லாத தமிழ், யாழ்ப்பாணத்தார் கையிலும் மலையகத்தார் கையிலும் வழங்கிய சதக்காசில் இருந்தது.

ஆயினும் மீண்டது எழுத்தேயன்றி அதன் பழைய பணி அன்று. சேதுக்காசில் தமிழ் அரசின் பெயரைச் சொல்லிற்று. 1870ஆம் ஆண்டுக் காசில் அரசின் பெயரையும் நாட்டின் பெயரையும் ஆங்கிலம் சொன்னது. தமிழ் மதிப்பை மட்டும் சொன்னது. முன்னது ஆள்வோரின் கூற்று. பின்னது ஆளப்படுவோருக்கு அளிக்கப்பட்ட விளக்கம். 'இக்காசை வெளியிடுவோர் யார்' என்னும் வினாவுக்குத் தமிழில் விடையில்லை. 'இக்காசு எவ்வளவு பெறும்' என்னும் வினாவுக்கே தமிழில் விடை உண்டு. சிங்கள எழுத்தின் நிலையும் அன்று அதுவே. இரு மொழிகளும் மரத்தின் இருபக்கத்தும் சமமாகவும், ஆங்கிலத்துக்கு உட்பட்டும் நின்றன.

விடுதலைக்குப் பின்

1948இல் நாடு விடுதலை பெற்றது. 1950 ஆகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி செயற்படத் தொடங்கியது. எனினும் நாணயத்தில் முடியரசியின் தலை உடனே மறையவில்லை. இரண்டாம் எலிசபெத்தின் உருவம் 1955, 1957 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய இரண்டு சதக் காசில் இடம்பெற்றது.

1956இல் நிறைவேறிய அரசகரும மொழிச் சட்டம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என விதித்தது. அலுவலகப் படிவம், நீதிமன்றம், அரசுப் பணி எனத் தமிழரின் வாழ்வில் அது ஏற்படுத்திய விளைவுகள் நன்கு அறியப்பட்டவை. நாணயம் அவ்வழியே செல்லவில்லை. 1963இல் அரசுருவத்தை நீக்கி நாட்டின் இலச்சினையைத் தாங்கி வந்த புதிய நாணய வரிசையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியும் இடம்பெற்றன. ஆட்சிமொழி அல்லாத மொழி அரசின் நாணயத்தில் தொடர்ந்து நின்றது. தமிழில் ஒரு மடல் எழுதி அரசு அலுவலகத்தில் விடைபெற முடியாதவர் கையிலும், தமிழில் 'ரூபாய்' என்றெழுதிய அரசுக் காசு இருந்தது.

இம்முரணை இருவகையாக விளக்கலாம். நாணயம் எல்லார் கையிலும் செல்ல வேண்டியது. அதன் பயன்பாடு மொழிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் சந்தை இடர்ப்படும் என்பது ஒரு விளக்கம். 1870 முதல் பழகிவிட்ட மரபை மாற்றுவது எளிதன்று என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகலாம். எவ்வாறாயினும், காசில் ஒரு மொழி இருப்பதை வைத்து அம்மொழியினரின் உரிமை நிலைபெற்றது எனக் கொள்ள இயலாது என்பதை 1963ஆம் ஆண்டு வரிசை உணர்த்துகின்றது. பொறிப்பு பயன்பாட்டுக்குச் சான்று. உரிமைக்குச் சான்று சட்டமும் நடைமுறையுமே.

உருவத்தின் செய்தியும் கருதத்தக்கது. 1870ஆம் ஆண்டுக் காசின் மரம் எவ்வினத்துக்கும் தனியுரிமையற்ற நிலத்தின் சின்னம். 1963இல் அம்மரத்தின் இடத்துக்கு வாளேந்திய சிங்கத்தை நடுவிற்கொண்ட நாட்டு இலச்சினை வந்தது. எழுத்து மும்மொழியிலும் பேசிற்று. உருவம் ஒரு மரபையே முன்னிறுத்திற்று. காளையும் 'சேது'வும் ஒரே அரசின் இரு அடையாளங்களாக இசைந்து நின்ற பழைய காசோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

1972இல் நாடு குடியரசாகி ஆங்கிலத்தில் 'சிலோன்' என்னும் பெயரைக் கைவிட்டு 'ஸ்ரீலங்கா' ஆயிற்று. குடியரசின் நாணயங்களில் சிங்களப் பெயரோடும் புதிய ஆங்கிலப் பெயரோடும் தமிழில் 'இலங்கை' என்றே பொறிக்கப்பட்டது. சங்க இலக்கியக் காலம் முதல் தமிழில் வழங்கும் பெயர் அது. மதிப்பை மட்டும் சொல்ல 1870இல் அனுமதிக்கப்பட்ட தமிழ், குடியரசின் காசில் நாட்டின் பெயரையும் தன் வழக்கிலேயே சொல்கின்றது. 1987இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியபோது, காசில் முன்னரே இருந்த நிலையைச் சட்டம் காலந்தாழ்ந்து வந்தடைந்தது எனலாம்.

அதற்குள் காசின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்தது. 1984இல் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் பொதுப் புழக்கத்துக்கு நாணயமாக வந்தன. 2009ஆம் ஆண்டைத் தாங்கிப் பதினொரு பக்க விளிம்புடைய பத்து ரூபாய் நாணயம் வந்தது. மத்திய வங்கியின் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி இருபது ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. செம்பும் வெள்ளியும் நிக்கலுமாக இருந்த உலோகம் முலாம் பூசிய எஃகாகவும் துருப்பிடிக்கா எஃகாகவும் மாறியது. சதம் கணக்கேட்டில் நின்றது, கையிலிருந்து நழுவியது.

பிற நாடுகளின் ஒப்பீடு

பல மொழி வழங்கும் சிறுநாடுகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டுள்ளன. நான்கு மொழிகளையுடைய சுவிட்சர்லாந்து எம்மொழியையும் முற்படுத்தாது நாட்டின் பெயரை இலத்தீனில் பொறிக்கின்றது. பெல்ஜியம் யூரோவுக்கு முன் பிரெஞ்சுப் பொறிப்புடைய பிராங்கையும் டச்சுப் பொறிப்புடைய பிராங்கையும் தனித்தனியே வெளியிட்டது. சிங்கப்பூர் 1967இல் ஆங்கிலம் மட்டுமே கொண்ட நாணயங்களோடு தொடங்கி, 1985ஆம் ஆண்டு வரிசையில் நாட்டின் பெயரைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் பொறித்தது.

மொரிசியசின் பட்டறிவு மேலும் கூர்மையானது. 1998இல் அந்நாட்டு மத்திய வங்கி வெளியிட்ட புதிய பணத்தாள்களில் தமிழுக்கும் இந்திக்கும் வழக்கமாயிருந்த வரிசை மாற்றப்பட்டது. தமிழர் எதிர்ப்பால் அத்தாள்கள் மீளப்பெறப்பட்டுப் பழைய வரிசையுடன் வேறு தாள்கள் அச்சிடப்பட்டன. தாயகத்தை விட்டுப் பல தலைமுறை கடந்து, தமிழைப் பேச்சுவழக்கில் பெரிதும் இழந்துவிட்ட ஒரு சமூகம் பணத்தாளில் ஒரு வரியின் இடத்துக்காகத் திரண்டெழுந்தது. எழுத்து படிப்பதற்கு மட்டும் உரியதன்று. ஒரு மக்கள் தாம் இந்நாட்டினர் என்பதற்கு அரசு இடும் ஒப்பமும் ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

பாரிசில் தமிழ்க் காசுச்சொற்கள்

1980களில், சிறப்பாக 1983க்குப் பின், பிரான்சுக்கு வந்த ஈழத்தமிழர் முதலில் அறிந்தது பிராங்கும் சாந்தீமும். 2002 முதல் யூரோ. பிரான்சின் ஒரு யூரோ, இரண்டு யூரோ நாணயங்களில் அந்நாட்டின் விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்னும் முழக்கத்தோடு ஒரு மரம் பொறிக்கப்பட்டது. இலங்கையின் பழைய சதக்காசில் மரத்தின் இருபுறமும் தம் எழுத்தைக் கண்ட மக்கள், இங்கே தம் எழுத்தில்லாத மரத்தைக் கையாளுகின்றனர். இதனைக் குறையாகக் கூறுதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான மொழிகளும் பிரெஞ்சு நாணயத்தில் இடம்பெறுவதில்லை.

கருதத்தக்கது பிறிதொன்று. நாணயத்தில் எழுத்தை இழந்த நிலையில் பேச்சில் சொல் நிலைத்திருக்கிறது. காசு, பணம், துட்டு, சல்லி, சதம் என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு காலப் படிவம். சங்கிலியனுக்குப் பின் எழுத்தின்றி இருந்த இரண்டரை நூற்றாண்டுகளில் தமிழர் தம் காசுச்சொற்களை வாய்மொழியிலேயே காத்தனர். பொண்டியிலும் லா சப்பலிலும் நிகழ்வது அதன் தொடர்ச்சியே. வேறுபாடு ஒன்று உண்டு: அன்று சொல்லைக் காத்தவர் தம் நிலத்தில் வாழ்ந்தனர், இன்று பிரெஞ்சுப் பள்ளியில் கணக்குப் பயிலும் பிள்ளைக்குச் 'சதம்' என்னும் சொல் வீட்டிலன்றி வேறெங்கும் கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பாடங்களில் பழைய இலங்கைக் காசொன்று கையில் எடுத்துக் காட்டப்படுமாயின், அச்சொல்லின் பின்னுள்ள வரலாறும் உடன் கைமாறும்.

முடிவுரை

இலங்கை நாணயங்களில் தமிழ் எழுத்தின் வரலாறு தொடர்ச்சியான ஏற்றமும் அன்று. தொடர்ச்சியான இறக்கமும் அன்று. உரோகணத்து ஈயக்காசில் அது தனிமனிதரின் பெயர். சேதுக்காசில் அரசின் பெயர். டச்சுத் துட்டில் மௌனம். 1870ஆம் ஆண்டுச் சதக்காசில் மதிப்பின் விளக்கம். குடியரசின் காசில் மும்மொழியுள் ஒன்றாக நாட்டின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தின் இருப்பைவிட அதன் பணியே அம்மொழி பேசுவோரின் நிலையைத் துலக்கமாகக் காட்டியுள்ளது.

இவ்வேறுபாட்டைக் கருதாது, நாணயத்தில் தமிழ் இருந்தது என மகிழ்வதும் இல்லை என வருந்துவதும் வரலாற்றறிவு ஆகா. 1963ஆம் ஆண்டுக் காசில் தமிழ் இருந்தது. அக்காலத்தில் தமிழருக்கு ஆட்சிமொழி உரிமை இல்லை. பாரிசின் யூரோவில் தமிழ் இல்லை. அங்கு தமிழர் தம் காசை எண்ணும் மொழி இன்னும் தமிழே. சேதுவின் பெயர் தாங்கிய செம்பு அருங்காட்சியகத்தை அடைந்துவிட்டது. சதத்தின் பெயர் இன்றும் லா சப்பலின் கடைகளில் மீதிக்காசு எண்ணும்போது ஒலிக்கின்றது.